இரண்டு கவிதைகளை அருகருகே வைத்துப் படிப்பது

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். பள்ளியில் படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ். சங்கப் பாடல்களை உரையோடு படிக்கிறார், பொருள் விளங்குகிறது. ஆனால் "இதில் என்ன அழகு?" என்று யாராவது கேட்டால் சொல்ல எதுவும் வாயில் வருவதில்லை. கவிதைகளை இரண்டிரண்டாக வைத்துப் படித்தால் சுவை பிடிபடும் என்று யாரோ சொன்னார்களாம். அது உண்மைதானா, எந்த இரண்டை எடுப்பது, எடுத்து என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

உண்மைதான். ஒரு பாடலைத் தனியாகப் படிக்கும்போது, அதை அப்படி மட்டுமே பாடியிருக்க முடியும் என்று தோன்றிவிடுகிறது. அதே நிலைமையை வேறொருவர் பாடிய பாட்டு பக்கத்தில் வந்தவுடன், முதல் புலவருக்கு வேறு வழிகளும் இருந்தன என்பது தெரிகிறது. யாரைப் பேசவைத்தார், எதைச் சொல்லாமல் விட்டார், எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் என்பவை அப்போதுதான் கண்ணில் படுகின்றன. நீங்கள் தேடும் அழகு பெரும்பாலும் அந்த இடங்களில்தான் இருக்கிறது. உரையாசிரியர் பொருளைச் சொல்லிவிடுவார். புலவர் கைவிட்ட வழிகளை அவர் சொல்வதில்லை.

பொதுப்பேச்சு போதும். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தேவகுலத்தார் பாடியது.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

பள்ளிப் பாடநூல்கள் விரும்பும் பாட்டு. நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது எங்கள் காதல் என்கிறாள் தலைவி. பொருள் விளங்கியதும் பக்கத்தைப் புரட்டிவிடத் தோன்றும். புரட்டாமல் அதே நூலின் பதினெட்டாம் பாட்டைப் பக்கத்தில் வையுங்கள். கபிலர் பாடியது.

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃ தறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

இங்கே பேசுபவள் தோழி. இரவில் வந்து போகிற தலைவனை வழிமறித்து, "சீக்கிரம் மணம் பேச வா" என்கிறாள். இரண்டு பாட்டிலும் காதலின் அளவுதான் செய்தி. இரண்டிலும் மலைச்சாரல் வருகிறது. ஆனால் தலைவி எடுத்த அளவுகோல் நிலம், வானம், கடல். தோழி எடுத்தது ஒரு பலாக்கிளை. முதல் பாட்டில் காதல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆபத்தில்லை, அதைத் தாங்க உலகம் இருக்கிறது. இரண்டாவதில் அதே பெரிய காதல் ஒரு சின்னக் காம்பில் தொங்குகிறது. பழம் பெருக்கப் பெருக்கக் காம்புக்குக் கேடு.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கபிலர் பாட்டில் பலா இரண்டு முறை வருகிறது. தலைவனுடைய ஊரில் காய்ப்பது வேர்ப்பலா. தரையோடு தரையாகக் கிடக்கும், விழுவதற்கு இடமே இல்லை, போதாக்குறைக்குச் சுற்றி மூங்கில் வேலி. தலைவியின் நிலைக்கு உவமையாக வருவது சிறு கிளையில் தொங்கும் பெரும்பழம். அதற்கு வேலியும் இல்லை. "உன் பலா பத்திரமாக இருக்கிறது, எங்கள் பலா அப்படி இல்லை" என்று தோழி வாய்திறந்து சொல்லவே இல்லை. பலாமரம் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது என்னும் நம் பக்கத்தில் இதை விளக்க உரை வேண்டாம். வேரடியில் காய்த்ததற்கும் கிளையில் காய்த்ததற்கும் உள்ள வேறுபாட்டைச் சின்னப் பையன்களே சொல்வார்கள்.

இப்போது மூன்றாம் பாட்டுக்குத் திரும்பிப் போங்கள். பாட்டின் அடியில் உள்ள கூற்றுக் குறிப்பை, அதாவது யார் எந்த நிலையில் பேசுகிறார் என்று சொல்லும் குறிப்பைப் பாருங்கள். தலைவன் வேலிப்புறத்தில் நிற்கிறான். தோழி அவனைப் பழிக்கிறாள். தலைவி விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். அதாவது அவன் காதில் விழும்படிதான் இந்த நிலமும் வானமும் கடலும் அளக்கப்படுகின்றன. தனியாகப் படித்தபோது பூரிப்பாகக் கேட்ட பாட்டு, தோழியின் பாட்டோடு சேர்ந்தபின் வேண்டுகோளாகவும் கேட்கிறது. அந்தப் பெருமிதத்துக்குள் கொஞ்சம் நடுக்கம் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது கபிலரின் பலாப்பழம்தான்.

இப்படிப் படிப்பது நம் மரபுக்குப் புதிதல்ல. புறநானூற்றைத் தொகுத்தவர் 277, 278, 279 என்று மூன்று தாய்ப் பாடல்களை வரிசையாக வைத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் பாட்டுக்குப் பாட்டு ஒப்புமைப் பகுதி கொடுத்திருக்கிறார். இந்தத் தொடர் அங்கே வருகிறது, இந்தக் கருத்து இங்கே வருகிறது என்று பொடி எழுத்தில் இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜோடி தேடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய சுரங்கம் கிடையாது.

அந்தத் தாய்ப் பாடல்களுக்கு வருவோம். 277ஆம் பாட்டு பூங்கணுத்திரையார் பாடியது.

மீன்உண் கொக்கின் தூவி அன்ன
வால்நரைக் கூந்தல் முதியோள் சிறுவன்
களிறுஎறிந்து பட்டனன் என்னும் உவகை
ஈன்ற ஞான்றினும் பெரிதே கண்ணீர்
நோன்கழை துயல்வரும் வெதிரத்து
வான்பெயத் தூங்கிய சிதரினும் பலவே

அடுத்தது காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடிய அதே புலவர், ஆகையால் நம் சேரநாட்டோடு உறவுள்ளவர். மகன் போரில் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்லக் கேட்கிறாள் கிழவி. அப்படியானால் அவன் பால் குடித்த மார்பை அறுத்தெறிவேன் என்று சினந்து, வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். துண்டாகிக் கிடக்கும் மகனைக் காண்கிறாள். "ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தனளே" என்று பாட்டு முடிகிறது.

இரண்டிலும் அதே முதுமை, அதே சாவு, ஏறக்குறைய அதே சொற்கள். 278ஐ மட்டும் படித்தால் "வீரத்தாய்" என்று ஒரு தலைப்பைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். மேடைப் பேச்சாளர்கள் இத்தனை காலமாகச் செய்வது அதைத்தான். 277ஐப் பக்கத்தில் வைத்தால் அது அவ்வளவு எளிதில் முடிவதில்லை. பூங்கணுத்திரையார் மகிழ்ச்சியோடு நிறுத்தவில்லை. அடுத்த சொல்லே கண்ணீர். என்ன கண்ணீர் என்று அவர் சொல்லவும் இல்லை. ஆனந்தக் கண்ணீர் என்று உரை எழுதிக்கொள்ள இடமிருக்கிறது, வேறு மாதிரி எழுதவும் இடமிருக்கிறது. உவமை என்ன சொல்கிறது? மழை விட்டபின் மூங்கில் இலை நுனிகளில் நிற்கும் துளிகள். வாளையாறு பக்கம் மழைக்காலத்தில் மூங்கில் புதரடியில் ஒதுங்கியவர்களுக்குத் தெரியும்: மழை நின்றுவிட்டது என்று நம்பி நிற்போம், ஒரு சின்னக் காற்று வரும், அத்தனை துளியும் ஒருசேரத் தலையில் கொட்டும். அதுவரை தாங்கிக்கொண்டு நின்ற துளிகள் அவை. "துயல்வரும்" என்று அசைவையும் புலவர் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

இதைப் பார்த்தபின் 278க்குத் திரும்பினால், அந்தக் கிழவியின் மகிழ்ச்சியில் கண்ணீர் இல்லாததே உறுத்துகிறது. சினத்தில் தொடங்கி, சபதம் செய்து, பிணக்குவியலைத் துழாவி, "உவந்தனள்" என்று திடீரென்று வெட்டி நிறுத்துகிறார் நச்செள்ளையார். அதற்கு அடுத்த கணம் என்ன ஆயிற்று என்று கேட்க வைக்கிறது அந்த நிறுத்தம். வீரம் பாடினாரா, வீரத்தின் விலையைப் பாடினாரா? எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு உண்டு. நீங்கள் வேறு பக்கம் சாயலாம்.

பின்னால் வந்த வள்ளுவர் அதே அளவை எடுத்துக்கொண்டு, "ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்" என்கிறார். களமும் வாளும் போய்விட்டன; மகன் உயிரோடு இருக்கிறான்; தாய் காதால் கேட்கிறாள், அவ்வளவுதான். இந்தக் குறளை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். அந்த இரண்டு கிழவிகளுக்குப் பிறகு ஒருமுறை படியுங்கள்.

நீங்கள் இரு மொழியும் தெரிந்தவர். அதனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, தமிழ்நாட்டில் இருக்கும் பலருக்குக் கிடைக்காதது. குமாரன் ஆசானின் "வீண பூவு" (உதிர்ந்த பூ) நினைவிருக்கும். மலையாளம் படித்தவருக்கு அதை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1907இல் வந்தது. நம் பாலக்காட்டு ஜைனிமேட்டில் தங்கியிருந்தபோது எழுதினார் என்பது இங்கே எல்லாரும் பெருமையாகச் சொல்லும் செய்தி. உதிர்ந்து கிடக்கும் ஒரு பூவைப் பார்த்து "ஹா புஷ்பமே" என்று தொடங்கி, உயரத்தில் அரசியைப் போல எப்படி விளங்கினாய் என்று வியந்து, அதன் பிறப்பு, கொடித்தாய் வளர்த்த குழந்தைப் பருவம், இளமை, தேடி வந்த வண்டு, முடிவு என்று ஒரு முழு வாழ்க்கையையே பாடுகிறார். கடைசியில் எல்லாருக்கும் இதுதான் கதி, கண்ணீரால் ஆவதென்ன, மண்ணில் வாழ்வு கனவு என்று முடிக்கிறார்.

இதன் பக்கத்தில் நான் வைப்பது புறநானூறு 242. குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் இறந்துவிட்டான்.

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்லியாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேற் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே

அங்கே பூ உதிர்ந்ததற்கு மனிதன் அழுகிறான். இங்கே மனிதன் உதிர்ந்தபின்னும் பூத்ததற்காகப் பூ திட்டு வாங்குகிறது. இரண்டு புலவரும் பூவை நேருக்கு நேர் "நீ" என்று அழைத்துப் பேசுகிறார்கள். அந்த ஒன்றுதான் இந்த இரண்டையும் என்னைச் சேர்த்துப் பார்க்க வைத்தது. சேர்த்தபின் தெரிந்தது வேறு. ஆசான் பூவிலிருந்து தொடங்கி எல்லா உயிருக்கும் பொதுவான ஓர் உண்மைக்குப் போகிறார். கீரத்தனார் எங்கும் போவதில்லை. வாழ்வு நிலையற்றது என்று சொல்ல அவருக்கும் வாய் இருந்தது, சொல்லவில்லை. சூடார், கொய்யார், சூடான், அணியாள் என்று நான்கு மறுப்புகளை அடுக்குகிறார். நடுவில் ஒரே ஒரு மென்மையான காட்சி: பாணன் எட்டாத கொடியைத் தன் யாழின் வளைந்த கோட்டால் மெல்ல வளைத்துப் பூப்பறிப்பது. அதுவும் இனி நடக்காத காட்சி. பிறகு ஒரு கேள்வி, முடிந்துவிட்டது.

ஆசான் மட்டுமே தெரிந்தவருக்கு கீரத்தனார் வறட்சியாகத் தோன்றலாம். கீரத்தனாரில் ஊறியவருக்கு ஆசான் வளர்த்துவதாகத் தோன்றலாம். தமிழ்ப் புலவர் சிலர் அப்படி முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே மாலையில் உரக்கப் படித்தால் அந்தச் சுளிப்பு நிற்காது. ஆசானுக்கு அந்த நீளம் தேவைப்படுகிறது. யாரும் கவனிக்காத ஒரு பூவுக்கு இரங்கச் சொல்கிறார் அல்லவா? இரங்குவதற்கு அதற்கு ஒரு வரலாறு வேண்டும், அதை அவர்தான் கட்டித் தர வேண்டும். சாத்தனுக்கு அது வேண்டாம். ஊரே அவனை அறியும். பூச்சூடாத தலைகளே சாட்சி.

கம்பனையும், மலையாளத்தில் அத்யாத்ம ராமாயணம் பாடிய எழுத்தச்சனையும் சேர்த்துப் படிப்பது நம் சித்தூரில் (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, சோகநாசினிக் கரையில் இருக்கும் நம் சித்தூர்) தானாகவே நடந்திருக்க வேண்டியது. எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாக மரபு சொல்லும் குருமடம் தெக்கே கிராமத்தில் இருக்கிறது. அதே தெருக்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஆனாலும் இரண்டு நூலையும் ஒரே மேசையில் கண்டது அபூர்வம்.

காட்சி ஒன்றுதான். முடிசூட்டு நின்றுவிட்டது, இலக்குவன் கொதிக்கிறான், இராமன் தணிக்கிறான். கம்பன் பாட்டு ஊரறிந்தது:

நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை அற்றே
பதியின் பிழையன்று பயந்து நமைப்புரந் தாள்
மதியின் பிழையன்று மகன்பிழை அன்று மைந்த
விதியின் பிழைநீ இதற்கென்னை வெகுண்ட தென்றான்

எழுத்தச்சனில் இதே இடம் லட்சுமண உபதேசம். "வத்ஸ, சௌமித்ரே" என்று அன்பாக அழைத்துத் தொடங்கும். பாம்பின் வாய்க்குள் போய்விட்ட தவளை, அங்கிருந்தபடியே இரை தேடுவதுபோல, காலம் என்னும் பாம்பு கவ்விய உலகம் போகங்களைத் தேடி அலைகிறது என்கிறார் இராமன். இந்தத் தவளை வடமொழி அத்யாத்ம ராமாயணத்திலேயே இருப்பது. கிளி பாடுவதாக அமைந்த தம் நூலில் எழுத்தச்சன் அதை மலையாளமாக்கினார்.

ஒருவர் வற்றிய ஆற்றைக் காட்டுகிறார், இன்னொருவர் பாம்பின் வாயைக் காட்டுகிறார். ஆறு வற்றியதற்கு ஆறு பொறுப்பில்லை என்னும்போது கம்பனின் இராமன் ஒரு வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்கிறான்: அப்பா மேல் தப்பில்லை, அம்மா மேல் தப்பில்லை, தம்பி மேல் தப்பில்லை. எழுத்தச்சனின் இராமன் வீட்டை மறந்தே பேசுகிறான். உடல், உலகம், காலம் என்று அவன் எங்கோ போய்விட்டான். தம்பிக்கு ஆறுதல் சொல்பவன் ஒருவன், சீடனுக்கு உபதேசம் செய்பவன் இன்னொருவன்.

பதில் சொல்லும் இடத்தில்தான் சுவை உச்சிக்குப் போகிறது. உபதேசம் கேட்ட லட்சுமணன் அடங்குகிறான். கம்பனின் இலக்குவன் அடங்குவதற்கு முன் ஒரு போடு போடுகிறான்: "விதிக்கும் விதியாகும் என் விற்றொழில் காண்டி". விதி என்று அண்ணன் சமாதானம் சொன்ன அதே சொல்லைப் பிடித்து, அந்த விதிக்கே நான் விதி என்கிறான். தம்பிக்கு இப்படி எதிர்த்துப் பேச இடம் கொடுத்தது கம்பனுடைய நாடகப் புத்தி. எழுத்தச்சனுக்கு அந்த நாடகம் வேண்டாம், அவருடைய நோக்கம் பக்தி. யார் பெரியவர் என்று இங்கே கேட்டால் படிப்பு அதோடு நின்றது. எல்லைப் பகுதியில் இந்தக் கேள்வி சீக்கிரம் மொழிச்சண்டை ஆகிவிடும். டீக்கடையில் அதைச் செய்யலாம், கவிதை படிக்கும்போது வேண்டாம்.

ஒரே கவிஞரிடமே ஜோடி கிடைப்பதும் உண்டு. குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் ஏழாம் திருமொழியும் எட்டாம் திருமொழியும் இரண்டும் தாலாட்டு. எட்டாவதில் கோசலை இராமனைத் தாலாட்டுகிறாள்: "மன்னுபுகழ்க் கௌசலைதன் மணிவயிறு வாய்த்தவனே". நிறைந்த தொட்டில். ஏழாவதில் தேவகி பாடுகிறாள். அவள் கையில் பிள்ளையே இல்லை, அது ஆயர்பாடியில் வளர்கிறது. "திருவிலேன் ஒன்றும் பெற்றிலேன் எல்லாம் தெய்வ நங்கை யசோதை பெற்றாளே" என்கிறாள். வெறும் தொட்டிலுக்குத் தாலாட்டு. பாடும் வழக்கத்தில் எட்டு மட்டும் புகழ் பெற்றுவிட்டது. ஏழாவதைப் படித்துவிட்டு எட்டாவதைப் பாடிப் பாருங்கள், "தாலேலோ" என்பது முன்போல ஒலிக்காது.

இனி, எப்படிச் செய்வது என்று கேட்டீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டையும் கையால் எழுதிக்கொள்ளுங்கள். தட்டச்சு வேண்டாம், எழுதும்போதுதான் எந்தச் சொல் எங்கே விழுகிறது என்பது கைக்குத் தெரியும். உரையைப் பார்த்துப் பொருளைத் தெரிந்துகொண்டு, பிறகு மூடி வையுங்கள். இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். முதலில் யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். சங்கப் பாட்டில் பாதி விஷயம் அதில் முடிந்துவிடும். அடுத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதது எது என்று தேடுங்கள். ஒற்றுமைப் பட்டியல் போடுவதில் பயனில்லை. ஒற்றுமை இருப்பதால்தானே இரண்டையும் சேர்த்தீர்கள்.

எந்த இரண்டும் ஜோடியாகிவிடாது. தலைப்பு ஒன்றாக இருப்பது போதாது. மழையைப் பற்றி இரண்டு, நிலாவைப் பற்றி இரண்டு என்று சேர்த்தால் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். நிலைமை ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது ஓர் உவமை, ஒரு வாக்கிய அமைப்பு, ஒரே ஆளை நோக்கிய பேச்சு என்று ஏதாவது ஒரு கொக்கி மாட்ட வேண்டும். மிகப் பெரிய கவிதைக்குப் பக்கத்தில் சுமாரான ஒன்றை வைக்காதீர்கள். அது சின்னதைக் கொன்றுவிடும், பெரியதற்கும் அதனால் லாபமில்லை. செம்புலப் பெயல்நீரைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் என்றும் சொல்வேன். திருமண அழைப்பிதழ்களில் படித்துப் படித்து அது யார் காதிலும் விழாமல் போயிருக்கிறது. நாற்பது ஜோடிகளைப் படித்தபின் அதனிடம் திரும்பலாம். புதுக்கவிதைகளுக்கும் இதே முறை செல்லும், ஆனால் தொடக்கத்தில் பழம்பாடல்களே நல்லது. துறையும் (பாட்டின் சூழல்) கூற்றும் இருப்பதால் கொக்கி எளிதில் அகப்படும்.

குறுந்தொகை 3, 18இலிருந்து தொடங்குங்கள், சிறியவை, ஒரு மாலைக்குப் போதும். தாய்ப் பாடல்களை அடுத்து எடுக்கலாம். ஆசானுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேவைப்படும். கம்பனையும் எழுத்தச்சனையும் ஆடிக்கு, அதாவது அக்கம்பக்கத்து வீடுகளில் கர்க்கடக ராமாயண வாசிப்பு தொடங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தச்சனைக் கண்ணால் படிப்பதைவிடக் காதால் கேட்பது மேல். அயோத்தியா காண்டம் தொடக்க நாட்களிலேயே வந்துவிடும், ஆகையால் கம்பனின் நகர் நீங்கு படலத்தை ஆனி முடிவதற்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.